வீடு தேடிச் சென்ற செவிலியர்



2016-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், மதுரைக்குத் தெற்கேயுள்ள ஒரு சிற்றூரில், ஓட்டு வீடொன்றின் வாயிலில் நான் நின்றுகொண்டிருந்தேன். கையில் ஒரு பை. அதனுள் சோப்பு, துவாலை, பழைய செய்தித்தாள், வெப்பமானி, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, கத்தரி, இடுக்கி, புண்ணுக்குக் கட்டும் துணிச்சுருள். வீட்டினுள்ளே பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்த மூதாட்டி ஒருவர். அவருக்குப் பணி செய்யவே நான் அனுப்பப்பட்டிருந்தேன். ஆயினும் கதவைத் தட்டக் கை எழவில்லை.

செவிலியர் பயிற்சி முடித்து, 5 ஆண்டுகள் மருத்துவமனையில் பணியாற்றியவள் நான். அதன்பின் 16 ஆண்டுகள் அந்த வேலையைத் தொடாதவளும் நானே. மணமாயிற்று, மக்கள் பிறந்தனர், மாமியார் நோயுற்றார். ஒன்றன்பின் ஒன்றாகக் கடமைகள் வந்தன, வேலை போயிற்று. 'கற்றதெல்லாம் மறந்திருக்குமே! மறவாது எஞ்சியதும் பழமைப்பட்டுப் போயிருக்குமே!' என்ற அச்சம் என்னை வாயிற்படியிலேயே நிறுத்திவிட்டது.

அந்த வேளையில் பழைய செய்தியொன்று நினைவுக்கு வந்தது. பயிற்சிக் காலத்தில் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, பின்னர் மறந்துபோன ஒரு வரலாற்றுச் செய்தி அது. அதனையும் அதன் தொடர்ச்சியையுமே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நோயாளியின் வீட்டுக்கே சென்று பணிபுரியும் செவிலியத்தின் வரலாறு, போனவர்கள் திரும்பி வந்த வரலாறாகவும் இருப்பதை நீங்கள் காண்பீர்கள்.

நோய் தீர்க்கும் பணிக்கு நான்கு கூறுகள் உண்டு என்று திருக்குறளின் 'மருந்து' என்னும் அதிகாரம் வகுத்துரைக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிலிருந்து மருந்து தந்து பேணுபவரையும் வள்ளுவர் நான்காவதாகச் சேர்த்தார். அந்த நான்காமவர் நெடுங்காலம் வீட்டிலேதான் இருந்தார். தாயோ, மனைவியோ, மகளோ, அண்டை வீட்டு அம்மையாரோ அந்தப் பணியைச் செய்தனர். மேனாடுகளிலும் அவ்வாறே. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் மருத்துவமனை என்பது பெரும்பாலும் ஏழைகளுக்கும் ஆதரவற்றோருக்கும் உரிய இடமாகவே இருந்தது. வசதியுள்ளோர் தம் இல்லத்திலேயே படுத்து, இல்லத்திலேயே குணமடைந்தனர். அல்லது உயிர் நீத்தனர். பயிற்சி பெற்ற செவிலி ஒருத்தியை வீட்டில் அமர்த்திக்கொள்ளச் செல்வர்களால் மட்டுமே இயன்றது. ஏழை வீட்டில் நோய் புகுந்தால் கேட்பாரில்லை.

இந்நிலையை மாற்றிய நிகழ்ச்சி 1859-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் துறைமுக நகரமான லிவர்பூலில் நடந்தது. அங்கு வில்லியம் ராத்போன் என்னும் வணிகர் இருந்தார். அவருடைய மனைவி நோயுற்றபோது மேரி ராபின்சன் என்னும் செவிலி வீட்டிலிருந்து பணிவிடை செய்தார். மனைவி அவ்வாண்டிலேயே மறைந்தார். துயரத்தில் ஆழ்ந்த ராத்போன் ஒன்றை எண்ணிப் பார்த்தார். 'பொருளுள்ள என் வீட்டிலேயே தேர்ந்த செவிலியின் துணை இவ்வளவு ஆறுதல் தந்ததென்றால், ஒன்றுமில்லாத ஏழையின் குடிலில் அத்துணை எவ்வளவு பயன் தரும்!' உடனே மேரி ராபின்சனுக்குச் சம்பளம் தந்து, வேண்டிய பொருள்களும் கொடுத்து, மூன்று மாதங்களுக்கு நகரின் ஏழை மக்களிடையே பணிசெய்து பார்க்குமாறு அனுப்பினார்.

ஒரு மாதம் சென்றது. மேரி ராபின்சன் கண்ணீருடன் திரும்பி வந்து, தம்மை விடுவிக்குமாறு வேண்டினார். அவர் கண்ட துன்பம் அவரால் தாங்கவொண்ணாததாக இருந்தது. காற்றும் வெளிச்சமும் புகாத அறைகள், அழுக்கு, பசி, ஒரே படுக்கையில் நோயாளியும் குழந்தைகளும்! அவர் திறமையில் குறைந்தவரல்லர். செல்வர் வீட்டில் பழகிய அவர் திறமைக்கு இந்தச் சூழல் முற்றிலும் புதிது. ராத்போன் அவரைக் கடியவில்லை. குறித்த காலம் முடியும் வரையில் பொறுத்துப் பார்க்குமாறு கேட்டுக்கொண்டார். மேரி ராபின்சன் மீண்டும் சென்றார். மூன்று மாதம் முடிந்தபோது, தம் உழைப்பால் நோயாளிகள் எழுந்து நடப்பதையும், குடும்பங்கள் தூய்மை கற்றதையும் கண்ட அவர், இந்தப் பணியிலேயே தொடர்ந்து இருக்க விரும்புவதாகக் கூறினார்.

மாணவ நண்பர்களே, இன்று உலகெங்கும் நடைபெறும் இல்லச் செவிலியத்தின் தொடக்கம் இதுவே என்று வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். அந்தத் தொடக்கத்திலேயே ஒரு விலகலும் ஒரு திரும்புதலும் இருக்கின்றன. மேரி ராபின்சன் அன்று அழுதுகொண்டே போய்விட்டிருந்தால், லிவர்பூலின் சோதனை ஒரு மாதத்தோடு முடிந்திருக்கும்.

ஒரு செவிலி போதவில்லை, பலர் வேண்டியிருந்தனர். ராத்போன், பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாருக்குக் கடிதம் எழுதினார். தேர்ந்த செவிலியர் எங்கும் போதிய அளவில் இல்லாமையால், லிவர்பூலிலேயே பயிற்சி அளித்து உருவாக்கிக்கொள்ளுமாறு அம்மையார் அறிவுரை கூறினார். அதன்படி 1862-இல் அந்நகரில் ஒரு பயிற்சிப் பள்ளி தோன்றியது. நகரம் 18 வட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, வட்டந்தோறும் செவிலியர் அமர்த்தப்பட்டனர். பின்னர் 1887-இல் விக்டோரியா அரசியின் ஆட்சிப் பொன்விழாவையொட்டி இங்கிலாந்துப் பெண்கள் திரட்டிய நிதியிலிருந்து 70,000 பவுன் இந்தப் பணிக்கு ஒதுக்கப்பட்டது. அதைக்கொண்டு நாடு தழுவிய இல்லச் செவிலியர் அமைப்பு ஒன்று உருவாயிற்று.

அந்த நாளில் வகுக்கப்பட்ட நெறிகளில் ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. வீடு செல்லும் செவிலி பிச்சையிடுபவராக இருத்தல் கூடாது என்பதே அந்நெறி. உணவோ உடையோ வேண்டுமெனில், அவற்றை அளிக்கும் அமைப்புக்குத் தகவல் தர வேண்டும். தாம் செய்ய வேண்டியது செவிலியப் பணியையே. கேட்பதற்குக் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் காசு தருபவராக வந்தால், வீட்டார் அவர் கையைப் பார்ப்பார்களேயன்றி அவர் கற்பிப்பதைக் கேட்கமாட்டார்கள். செவிலி வாரத்தில் ஓரிரு மணி நேரமே அவ்வீட்டில் இருப்பார். எஞ்சிய நேரமெல்லாம் நோயாளியைப் பேணுபவர் வீட்டாரே. ஆகவே அவர்களுக்குக் கற்பிப்பதே பணியின் பாதி.

இதேபோன்ற மற்றொரு வரலாறு 1893-இல் நியூயார்க் நகரில் நிகழ்ந்தது. லில்லியன் வால்ட் என்னும் இளம்பெண் செவிலியர் பயிற்சி முடித்து, பின்னர் மருத்துவராக விரும்பி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்திருந்தார். குடியேறிய ஏழைகள் வாழ்ந்த பகுதியில், வீட்டில் நோயாளியைப் பேணும் முறையைப் பெண்களுக்கு அவர் கற்பித்துவந்தார். ஒரு நாள் சிறுமி ஒருத்தி ஓடிவந்து தன் தாயைப் பார்க்க வருமாறு அழைத்தாள். வால்ட் சென்று பார்த்தபோது, மகப்பேற்றுக்குப்பின் இரத்தப் போக்கால் அத்தாய் அழுக்குப் படுக்கையில் கிடந்தாள். கட்டணம் தர இயலாமையால் மருத்துவர் அவளைக் கைவிட்டிருந்தார். அந்தக் காட்சி வால்ட்டின் வாழ்க்கையைத் திருப்பியது. அவர் மருத்துவக் கல்லூரியை விட்டுச் செவிலியத்துக்கே திரும்பினார். தோழியான மேரி புரூஸ்டருடன் அப்பகுதியிலேயே குடியேறினார். அவர் நிறுவிய ஹென்றித் தெரு நிலையத்தில் 1906-இல் 27 செவிலியர் இருந்தனர். 1913-இல் 92 பேர் இருந்தனர்.

நம் நாட்டுக்கு வருவோம். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1918-இல் டெல்லியில் லேடி ரீடிங் சுகாதாரப் பள்ளி தோன்றி, வீடுதோறும் சென்று தாய்மாரையும் சேய்களையும் கவனிக்கும் சுகாதாரப் பார்வையாளர்களைப் பயிற்றுவித்தது. சென்னை மாகாணத்தில் 1926-இல் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் நிறைவேறியது. ஆயினும் தொகை மிகக் குறைவு. 1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, இந்தியாவில் 43,000 மக்களுக்கு ஒரு செவிலியே இருந்ததாகக் காட்டியது. அந்த ஒருவர் மருத்துவமனையில் நிற்பாரா, வீடு வீடாக நடப்பாரா? எண்ணிப் பாருங்கள்.

இதற்கிடையில் மருத்துவமே வீட்டைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. மயக்க மருந்தும், கிருமி நீக்கிய அறுவைக் கூடமும், எக்ஸ்ரே கருவியும் வீட்டுத் திண்ணையில் அமையக்கூடியவை அல்ல. குழந்தைப்பேறும் மருத்துவமனைக்குச் சென்றது. பெனிசிலின் போன்ற மருந்துகள் வந்தபின், வாரக்கணக்கில் அருகிலிருந்து காக்க வேண்டிய பல காய்ச்சல்கள் சில நாள்களில் தணிந்தன. அமெரிக்காவில் ஆயுள் காப்பீட்டு நிறுவனமொன்று 1909-இல் தொடங்கி நடத்திவந்த பெரிய இல்லச் செவிலியப் பணி, 1950-களின் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. வீட்டுக்கு வரும் செவிலியின் காலம் முடிந்துவிட்டது என்றே பலரும் நினைத்தனர்.

செவிலியரும் பணியிலிருந்து மறைந்துகொண்டே இருந்தனர். பல நாடுகளில் மணமான செவிலி பணியில் நீடிக்க முடியாது. விதியே அவரை வெளியேற்றியது. இது பழங்கதையன்று. நம் இந்திய இராணுவச் செவிலியர் பணியில் 1977-இல் அத்தகைய விதி ஒன்று வந்தது, 1995-இல்தான் நீக்கப்பட்டது. அவ்விதியின் கீழ், மணம் செய்துகொண்டதற்காக 1988-இல் விலக்கப்பட்ட செவிலி ஒருவர் பல ஆண்டுகள் வழக்காடினார். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவ்விதி நேர்மையற்றது என்று கூறி, அவருக்கு 60 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. நீதி கிடைத்தது, ஆனால் 36 ஆண்டுகளுக்குப் பின்!

விலக்கிய அதே உலகம், நெருக்கடி வந்தபோது அவர்களைத் தேடவும் செய்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941-இல், அமெரிக்க அரசு பணியை விட்டிருந்த செவிலியருக்கு மறுபயிற்சி அளிக்கப் பொருளுதவி செய்தது. 2020-இல் கொரோனாத் தொற்று பரவியபோது, பிரிட்டன் தற்காலிகப் பதிவேடு ஒன்றைத் திறந்து, விலகிச் சென்ற செவிலியரை மீண்டும் அழைத்தது. அமைதிக் காலத்தில் அந்நாட்டின் விதி கண்டிப்பானது: 3 ஆண்டுகளில் 450 மணி நேரமாவது பணிசெய்திருந்தால்தான் பதிவைப் புதுப்பிக்கலாம், அன்றேல் மறுபயிற்சி பெறவோ திறன் தேர்வில் தேறவோ வேண்டும். இவ்விதியில் ஒரு நியாயம் உண்டு. அந்த நியாயத்தை நான் என் கையாலேயே உணர்ந்தேன். அதைச் சொல்கிறேன்.

நான் திரும்ப விரும்பியபோது முதலில் ஒரு மருத்துவமனைக்குச் சென்றேன். 16 ஆண்டு இடைவெளியைக் கேட்டதும் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பின்னர், வீடு வீடாகச் சென்று நோய்த்தணிப்புப் பணி செய்யும் ஒரு தொண்டு அமைப்பில் இடம் கிடைத்தது. முதலில் மறுபயிற்சி. ஒரு நாள், படுக்கையில் கிடக்கும் நோயாளியின் முதுகைப் பேணும் முறையைச் செய்து காட்டச் சொன்னார்கள். எனக்குப் பெருமகிழ்ச்சி. பயிற்சிக் காலத்தில் இதற்காகப் பாராட்டுப் பெற்றவள் நான். ஸ்பிரிட்டைக் கையில் ஊற்றி, சிவந்திருந்த இடத்தை நன்றாகத் தேய்த்துவிட்டுப் பவுடர் தூவத் தொடங்கினேன். என்னினும் 20 ஆண்டு இளையவளான பயிற்சியாளர் மெல்ல என் கையைப் பற்றினாள். "அக்கா, இப்போது இப்படிச் செய்வதில்லை" என்றாள். எலும்பு அழுத்திச் சிவந்த தோலைத் தேய்த்தால் உள்ளிருக்கும் தசை மேலும் சிதையும். ஸ்பிரிட் தோலை வறளச் செய்யும். அந்த இடத்தில் அழுத்தம் விழாமல் பார்ப்பதே மருந்து.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் சிறப்பாகச் செய்வதாக எண்ணிய ஒன்றே தீங்கானது என்பதை ஏற்பது எளிதன்று. எத்தனை முதுகுகளை அவ்வாறு தேய்த்திருப்பேன்! எனினும் அந்தப் பாடம் எனக்கு ஒரு நன்மை செய்தது. மறந்துபோனதைப் பற்றியே நான் அஞ்சிக்கொண்டிருந்தேன்; உண்மையில் அஞ்ச வேண்டியது மறவாமல் இருந்த தவற்றைப் பற்றி. மறந்ததைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம். தெரியும் என்று நம்புவதை யாரும் கேட்பதில்லை.

அதன்பின் ஒவ்வொன்றையும் புதிதாகக் கற்றேன். இன்சுலின் ஊசியையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் ஒரு மில்லியில் 40 அலகு உள்ள மருந்தும் உண்டு. 100 அலகு உள்ளதும் உண்டு. இரண்டுக்கும் ஊசிக்குழல் வேறு. முன்னதற்குச் சிவப்பு மூடி, பின்னதற்கு ஆரஞ்சு மூடி. 100 அலகு மருந்தை 40-க்குரிய குழலில் எடுத்து 20 என்ற கோடு வரை ஏற்றினால், உடலில் சேர்வது 20 அலகன்று, 50 அலகு. உயிருக்கே ஊறு நேரும். மருத்துவமனையில் தவற்றைத் தடுக்க மேற்பார்வையாளர் இருப்பார். வீட்டிலோ மருந்து ஒரு கடையிலும் குழல் வேறொரு கடையிலும் வாங்கப்பட்டிருக்கும். பார்க்க வேண்டிய கண் செவிலியின் கண் ஒன்றே.

ஆனால் எல்லாமே பழமைப்பட்டுவிடவில்லை. இடையிலிருந்த ஆண்டுகள் வீணும் அல்ல. என் மாமியார் 4 ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். பழைய நூற்சேலையை நான்காக மடித்து அடியில் விரித்து, இருவர் இருபுறமும் பிடித்து, தோல் உராயாமல் அவரைத் திருப்பக் கற்றது அப்போதுதான். இரண்டு மணிக்கு ஒரு முறை திருப்ப வேண்டும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். இரவு 2 மணிக்கு எழுந்து திருப்புபவளின் இடுப்பு எப்படி வலிக்கும் என்பதைப் புத்தகம் சொல்லவில்லை. பேணுபவளுக்கும் உறக்கம் வேண்டும், உணவு வேண்டும், 'இன்று நீ எப்படி இருக்கிறாய்?' என்று கேட்க ஓர் ஆள் வேண்டும் என்பதை என் வீடே எனக்குக் கற்பித்தது.

இப்பொழுது அந்த ஓட்டு வீட்டு வாயிலுக்குத் திரும்புவோம். மேரி ராபின்சன் மறுபடியும் சென்றதை எண்ணிக் கதவைத் தட்டினேன். "வாங்க சிஸ்டர்" என்று மருமகள் அழைத்தாள். உள்ளே சென்றதும் என் கைகள் தாமாகவே செய்தித்தாளை விரித்து அதன்மேல் பையை வைத்தன. முதலில் சோப்பையும் துவாலையையும் எடுத்தன. பையைத் தரையில் வைக்கலாகாது, கை கழுவாமல் உட்பொருளைத் தொடலாகாது என்ற முறை 16 ஆண்டுகளுக்குப் பின்னும் விரல்களில் இருந்தது. பாட்டியின் இடுப்பில் புண் இருந்தது. அதைக் கழுவிக் கட்டினேன். முதுகில் சிவந்திருந்த இடத்தை நான் தேய்க்கவில்லை. மருமகளிடம் ஒரு பழைய சேலை கேட்டேன். திருப்பும் முறையை அவளுக்கும் அவள் மகனுக்கும் கற்பித்தேன். பிறகு, "நீ இரவில் தூங்குகிறாயா, அம்மா?" என்று கேட்டேன். அவள் விடை சொல்லவில்லை, அழுதாள்.

நான் திரும்பிய அதே காலத்தில் இல்லச் செவிலியமும் திரும்பிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் 1965-இல் முதியோர்க்கான மருத்துவக் காப்புத் திட்டம் வந்தபோது, வீட்டுக்கு வரும் செவிலியின் பணியும் அதில் சேர்க்கப்பட்டது. கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய நோய்த்தணிப்பு இயக்கம் வீடுகளைத் தேடிச் சென்றது. 2008-இல் அம்மாநில அரசு அதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. காரணம் தெளிவானது. மனிதர் நீண்ட நாள் வாழ்கின்றனர். சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, பக்கவாதம், புற்றுநோய் ஆகியவை மருத்துவமனையில் சில நாள்களில் முடிந்துவிடுபவை அல்ல. அவற்றுடன் மக்கள் வீட்டில்தான் வாழ்கின்றனர்.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பெட்டியின் அடியில் சான்றிதழை வைத்துவிட்டு, 'இனி என்னால் ஆகாது' என்று சொல்லும் அத்தையோ, சித்தியோ, அக்காளோ இருக்கக்கூடும். செவிலியராக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம். அவரிடம் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். மறுபயிற்சி வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நாளை நீங்களே ஒரு பணியிலிருந்து விலக நேரிடலாம். அன்று உங்களுக்கும் இது பயன்படும்.

அந்தப் பாட்டியின் புண் மூன்று மாதத்தில் ஆறியது. அதை ஆற்றியவள் நான் அல்லேன். இரண்டு மணிக்கு ஒரு முறை திருப்பிய அந்த மருமகளே. வாரம் ஒரு முறை சென்று, அவளுக்கு அருகில் அமர்ந்து, கேட்டு, சொல்லித் தந்தது மட்டுமே என் வேலை. அந்த வேலைக்கு நான் திரும்பிச் சென்றதை எண்ணி இன்றும் மகிழ்கிறேன்.